தாதிமை இல்லத்தில் ஆன்டிபயாட்டிக்: குடும்பத்தார் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு தாதிமை இல்லத்தில் 16 ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் வார்டில் தமிழ் பேசும் தாதி நான்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு டப்பாவோடு அம்மாவையோ தாத்தாவையோ பார்க்க வருபவர்கள் எதையும் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். அதிகம் கேட்பது ஆன்டிபயாட்டிக் பற்றி. ஆளுக்கு ஆள் வார்த்தை மாறும், சந்தேகம் ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் வைத்திருக்கிறேன். வீட்டில் பணிப்பெண் உதவியோடு பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு என்ன மருந்து, வேண்டுமா வேண்டாமா என்பதை அவரை நேரில் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மிஸ்ஸி, ஆன்டிபயாட்டிக்னா பனடோல் மாதிரி காய்ச்சல் மாத்திரைதானே?

இல்லை. பனடோல் உடம்புச் சூட்டைக் குறைக்கும், வலியைக் குறைக்கும். காய்ச்சல் எதனால் வந்தாலும் அது அந்த வேலையைச் செய்யும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியா என்ற கிருமியை மட்டும் கொல்லும், இல்லை வளரவிடாமல் தடுக்கும். வைரஸ் கிருமியிடம் அதற்கு எந்த வேலையும் இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியா இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக்கால் காய்ச்சல் இறங்காது.

சளி, இருமல் ஒரு வாரமா இருக்கு. ஆன்டிபயாட்டிக் குடுத்தா விட்டுடும்ல?

சளி, ஃப்ளூ, கோவிட், தொண்டைக் கரகரப்பு எல்லாம் பெரும்பாலும் வைரஸால் வருபவை. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். நான்காவது நாள் மாத்திரை ஆரம்பித்து, பத்தாவது நாள் இருமல் குறைந்தால் மாத்திரைதான் வேலை செய்தது என்று நமக்குத் தோன்றும். மாத்திரை இல்லாமலும் அது அந்த நாளில் குறைந்திருக்கும்.

சளி பச்சையாக வருகிறதே என்று டிஷ்யூவை எடுத்துக்காட்டுவார்கள். அந்த நிறம் நம் உடம்பின் வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. வைரஸ் சளியும் பச்சையாக இருக்கலாம். நாங்கள் கவலைப்படுவது வேறு அடையாளங்களுக்கு: மூச்சு நிமிடத்துக்கு 25க்கு மேல் போவது, ஆக்சிஜன் அளவு குறைவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சாப்பிடாமல் தூங்கிக்கொண்டே இருப்பது. அப்படியென்றால் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

வயசானவங்க தாங்க மாட்டாங்க. முன்கூட்டியே குடுத்துட்டா நல்லதுதானே?

கேட்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்தையும் தாங்க வேண்டியது அதே உடம்புதான். வயதாக ஆக சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். ஏற்கெனவே எட்டு, பத்து மாத்திரை சாப்பிடுபவரிடம் ஒன்றோடு ஒன்று மோதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் போன்றவை கொடுத்தால் ரத்தம் அதிகமாக நீர்த்துப்போய் உள்ளே கசியலாம். சர்க்கரைக்கு கிளிபிசைட் எடுப்பவருக்கு சிப்ரோவால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்கு கிளாரித்ரோமைசின் கொடுத்தால் தசை சிதையும் ஆபத்து உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு சிப்ரோ வகை மருந்துகளால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோவதும் நடக்கிறது.

வயிற்றுப்போக்கு இன்னொரு பக்கம். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் மருந்து அழித்துவிடுவதால், சி. டிஃப் என்ற கிருமி தனியாகப் பெருகி ஒரு நாளைக்குப் பத்து தடவைகூடப் போகவைக்கும். படுக்கையில் இருக்கும் 85 வயதுப் பாட்டிக்கு அது உயிருக்கே ஆபத்து. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி அங்கே தாதிமை இல்லங்களில் இருப்பவர்களில் 70 விழுக்காடு வரை ஓராண்டில் ஒரு தடவையாவது ஆன்டிபயாட்டிக் பெறுகிறார்கள். அப்படிக் கொடுக்கப்படுவதில் 40 முதல் 75 விழுக்காடு வரை தேவையற்றதாகவோ பொருத்தமில்லாததாகவோ இருக்கலாமாம்.

யூரின் டெஸ்ட்ல கிருமி இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. இன்னும் ஏன் மருந்து ஆரம்பிக்கல?

இந்த ஒரு கேள்விக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். வயதானவர்களின் சிறுநீர்ப்பையில் பாக்டீரியா சும்மா குடியிருப்பது மிகச் சாதாரணம். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 பேருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். எங்கள் வார்டில் எல்லாருக்கும் இன்றைக்கு டெஸ்ட் எடுத்தால், நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் பலருடைய ரிப்போர்ட்டிலும் சிவப்பு எழுத்து வரும். நம் தோலில் கிருமி இருப்பதுபோலத்தான் இதுவும்.

இப்படித் தொந்தரவு தராத பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் யாருக்கும் ஆயுள் கூடவில்லை, சிறுநீர்க் கசிவும் குறையவில்லை. சில வாரங்களில் பாக்டீரியா திரும்ப வந்துவிடுகிறது, இந்தத் தடவை அந்த மருந்துக்கு மசியாத வகையாக. அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதில்லை, ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். சிறுநீர் போகும்போது புதிதாக எரிச்சல், அடிவயிற்றில் வலி, காய்ச்சலோடு அடிக்கடி அவசரமாகப் போவது, விலாவுக்குக் கீழே முதுகில் வலி, சிறுநீரில் ரத்தம் இப்படி ஏதாவது இருந்தால் அது தொற்று. அப்போது மருந்து ஆரம்பிக்கத் தாமதிக்கக் கூடாது.

சிறுநீரில் சின்னப் பட்டையை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் எதுவும் இல்லை என்று வந்தால் சிறுநீர்த் தொற்று அநேகமாக இல்லை என்று நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் அதை வைத்து மட்டும் தொற்று என்று சொல்ல முடியாது.

யூரின் ரொம்ப நாத்தமடிக்குது, கலங்கலா வேற இருக்கு. அது இன்பெக்ஷன் இல்லையா?

பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பாத்ரூமுக்கு எழுந்து போக வேண்டுமே என்று பயந்து பல பெரியவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நம் ஊர் வெக்கைக்கு அது எப்படிப் போதும்? இரண்டு நாள் வாய்க்கு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தால் நிறமும் வாடையும் மாறிவிடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தண்ணீர் அளவு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எங்களைக் கேட்காமல் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். வைட்டமின் மாத்திரை, மாற்றாமல் விட்ட பேம்பர்ஸ் இவையும் வாடைக்குக் காரணம்.

கதீட்டர் என்பது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை ஒரு பைக்குள் வடிக்கும் குழாய். ஒருநாள் ஒரு மகள் அந்தக் கதீட்டர் பையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். உள்ளே நாவல்பழச் சாறு ஊற்றியதுபோல ஊதா நிறம். கதீட்டர் உள்ளவர்களுக்கு, அதிலும் மலச்சிக்கல் இருந்தால், எப்போதாவது இப்படி ஆகும். குடலில் உணவுப் புரதம் உடைந்து வரும் ஒரு பொருளைச் சிறுநீரில் இருக்கும் பாக்டீரியா நீலமும் சிவப்புமாக மாற்றிவிடுகிறது. அந்த நீலம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கிற அதே நீலச்சாயம்தான். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கதீட்டரையும் பையையும் மாற்றினோம், மலச்சிக்கலுக்குப் பார்த்தோம், நிறம் போய்விட்டது.

அம்மா திடீர்னு குழப்பமா பேசுறாங்க. போன தடவை யூரின் இன்பெக்ஷனாலன்னு சொன்னாங்களே, இப்பவும் அதுதானே?

இருக்கலாம். ஆனால் காய்ச்சலோ எரிச்சலோ எதுவும் இல்லாமல் குழப்பம் மட்டும் இருந்தால் முதலில் சிறுநீரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் வரைக்கும் சிறுநீரில் எப்போதும் பாக்டீரியா இருக்கிறது என்றால், குழப்பம் வந்த அன்றைக்கும் இருக்கத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டால் உண்மையான காரணம் தப்பித்துவிடும்.

எங்கள் வார்டில் ஒரு பாட்டி தினமும் காலையில் ரேடியோவில் ஒலி 96.8 வைத்துவிட்டுத்தான் தோசையைத் தொடுவார். ஒருநாள் ரேடியோ பக்கமே திரும்பவில்லை. என்றோ இறந்துபோன தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டு, போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் திருகியபடியே இருந்தார். யூரின் டெஸ்ட் எடுத்து மருந்து ஆரம்பியுங்கள் என்று மகன் கெஞ்சினார். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. குறிப்பேட்டைப் புரட்டினால் ஐந்து நாளாக மலம் போகவில்லை. மூக்கடைப்புக்கு என்று தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை வேறு அந்த வாரம் சேர்ந்திருந்தது. மாத்திரையை மருத்துவர் நிறுத்தினார், எனிமா கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை நான் டூட்டிக்கு வரும்போது பாட்டியின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

உடம்பில் நீர் குறைவது, சர்க்கரை அல்லது உப்புச்சத்து இறங்குவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, சொல்லத் தெரியாத வலி, புது மாத்திரை, தூக்கமில்லாத இரவு, கட்டில் இடம் மாற்றியது என்று குழப்பத்துக்குக் காரணங்கள் நிறைய. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுந்துவிடுவது, பேச்சு குளறுவது இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். வீட்டில் என்றால் யோசிக்காமல் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

அப்ப மருந்து குடுக்காம சும்மா பாத்துக்கிட்டே இருப்பீங்களா?

பார்த்துக்கொண்டிருப்பது என்றால் கைகட்டி நிற்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எடுக்கிறோம். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்று எழுதுகிறோம். வலிக்கு மருந்து, தண்ணீர், மலச்சிக்கலுக்கு வைத்தியம் எல்லாம் உடனே ஆரம்பிக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தேறுகிறாரா, மோசமாகிறாரா என்று தெரிந்துவிடும். மோசமானால் அந்த நிமிடமே மருத்துவரை அழைப்போம். மூச்சு வாங்குவது, ரத்த அழுத்தம் இறங்குவது, எழுப்பினால் எழாதது போன்ற நிலையில் யாரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். அப்போது முதல் டோஸ் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

காய்ச்சல் கணக்கும் பெரியவர்களுக்கு வேறு. பலருக்கு வழக்கமான சூடே 36 டிகிரி பக்கம்தான் இருக்கும். வாயில் எடுக்கும்போது 37.8க்கு மேல் போனாலோ, அவருடைய வழக்கத்தைவிட 1.1 டிகிரிக்கு மேல் கூடினாலோ அதைக் காய்ச்சலாக எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் அம்மா நன்றாக இருக்கும்போதே நாலைந்து நாள் சூடு எடுத்து எழுதி வையுங்கள். பின்னால் அந்தக் காகிதம் பெரிய உதவி.

அப்பாவுக்கு எப்பவும் கதீட்டர் இருக்கு. மாசாமாசம் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லட்டுமா?

வேண்டாம். கதீட்டர் போட்டு ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லாருடைய சிறுநீரிலும் பாக்டீரியா வந்துவிடும். டெஸ்ட் எடுத்தால் வரத்தான் செய்யும், பிறகு யாராவது மருந்தும் எழுதிவிடுவார்கள். காய்ச்சல், நடுக்கம், புதிய குழப்பம், விலாவலி இருந்தால்தான் எடுக்க வேண்டும். அப்போதும் பழைய கதீட்டரை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுத்தால்தான் ரிப்போர்ட்டை நம்பலாம். பையிலிருந்து எடுத்தது எதற்கும் உதவாது.

அதைவிட, இந்தக் கதீட்டர் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மருத்துவமனையில் அவசரத்துக்குப் போட்டது, கேட்பார் இல்லாமல் மாதக்கணக்கில் அப்படியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் விட்டுடுச்சு. மிச்ச மாத்திரையை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுங்கள். ஆனால் எத்தனை நாள் என்று அவரிடம் கேட்பதில் தவறே இல்லை. முன்பெல்லாம் பத்து நாள், இரண்டு வாரம் என்று கொடுத்தார்கள். இப்போது நன்றாகத் தேறிவரும் சாதாரண நிமோனியாவுக்கு 5 நாள், பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மருந்தைப் பொறுத்து 3 முதல் 5 நாள் போதும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நாள் கூடக் கூடப் பக்கவிளைவுதான் கூடும்.

எங்கள் மருந்து அட்டையில் எதற்காக, எந்தத் தேதி வரை என்ற இரண்டும் எழுதியிருக்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டின் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அது வந்ததும் மருத்துவர் மறுபடி பார்த்து மருந்தை மாற்றலாம், பலருக்குத் தேவையில்லை என்று நிறுத்திவிடவும் செய்யலாம். மருத்துவர் நிறுத்தினால் "கோர்ஸ் முடியவில்லையே" என்று பயப்படாதீர்கள்.

ஊசியா போட்டா சீக்கிரம் கேக்குமில்ல?

விழுங்க முடிகிறவருக்கும் குடல் நன்றாக வேலை செய்கிறவருக்கும் பல தொற்றுகளில் மாத்திரையே போதும். ஊசி பெரும்பாலும் விழுங்க முடியாதவர்களுக்கும், மிக மோசமாக இருப்பவர்களுக்கும், மாத்திரையாகக் கிடைக்காத மருந்துகளுக்கும்தான். ஊசிக்காகக் கையில் குத்திய இடமே புதுத் தொற்றுக்கு வாசல் ஆகலாம்.

மாத்திரை கசக்குதுன்னு துப்பிடறாங்க. பொடிச்சு மைலோல கலந்து குடுக்கலாமா?

மருந்தைப் பொறுத்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் மைலோ கூடவே கூடாது. மைலோவில் சேரும் பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. என்ஷூர் போன்ற சத்துப்பானம், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அப்படித்தான். மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்று அதைவிடப் பெரிய மருந்துக்குப் போவார்கள். காரணம் காலை மைலோவாக இருந்திருக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோ கொடுப்பது வழக்கம். அமாக்சிசிலினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் நிறையத் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பவர்கள் குழாயில் பால் ஊற்றும் நேரத்தோடு மருந்து மோதுகிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். விழுங்கச் சிரமம் என்று தெரிந்தால் திரவ மருந்தாகவே எழுதித் தருவார்கள்.

போன மாசம் சென்னை போனப்ப ஆக்மென்டின் வாங்கி வச்சிருக்கோம். அவசரத்துக்கு அம்மாவுக்குக் குடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். எந்த மருந்தையும் எங்களுக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். போன தடவை மிஞ்சிய மாத்திரையும் இதில் சேர்த்திதான். சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்க முடியாது. இந்தியாவிலும் 2014 முதல் பல ஆன்டிபயாட்டிக்குகள் ஹெச்1 என்ற கடுமையான பட்டியலுக்குள் வந்துவிட்டன. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிறது, பெட்டியில் வந்துவிடுகிறது.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்காக. தலையணைக்கு அடியில் வைத்து இரண்டு மாத்திரை கொடுத்த பிறகு நாங்கள் ரத்தமோ சிறுநீரோ டெஸ்ட்டுக்கு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். அப்போது என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டோம். அந்தத் தகவல் மருத்துவருக்கு அவசியம்.

அம்மாவுக்கு பெனிசிலின் அலர்ஜின்னு கார்டுல இருக்கு. எப்ப வந்ததுன்னு யாருக்கும் தெரியல.

இதைக் கட்டாயம் கிளறிப் பாருங்கள். பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜி இல்லை என்றுதான் வருகிறது. உண்மையாகவே இருந்தவர்களிலும் பத்து ஆண்டுகளில் பெரும்பாலோருக்குப் போய்விடுகிறது. அறுபதுகளில் கம்பத்து வீட்டில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பில் இருந்தபோது ஊசி போட்டு வாந்தி வந்தது, அதை அலர்ஜி என்று எழுதிவிட்டார்கள் என்று ஒரு பாட்டி சொன்னார். வாந்தி அலர்ஜி இல்லை. ஆனால் அந்த ஒரு வரியால் இத்தனை ஆண்டும் அவருக்கு வேறு வழியில்லாமல் பெரிய மருந்துகளையே கொடுத்துவந்தார்கள்.

பெரியம்மா, மாமா யாரையாவது கேளுங்கள். தடிப்பு வந்ததா, முகம் வீங்கியதா, மூச்சு அடைத்ததா, எத்தனை வருஷம் முன்னால் என்று தெரிந்ததை எழுதிக் கொண்டுவந்து மருத்துவரிடம் கொடுங்கள். பட்டியலிலிருந்து எடுப்பதை அவர்தான் முடிவு செய்வார். வீட்டில் கொடுத்துச் சோதிக்க வேண்டாம்.

முதுகுல படுக்கைப்புண். ஸ்வாப் எடுத்ததுல கிருமி வந்திருக்கு. பவுடர் போட்டா காயுமா?

ஸ்வாப் என்றால் பஞ்சுக்குச்சியால் புண்ணைத் தொட்டு எடுக்கும் டெஸ்ட். திறந்த புண்ணில் கிருமி இல்லாமல் இருக்காது. சிறுநீர் ரிப்போர்ட்டுக்குச் சொன்னதுதான் இதற்கும். சுற்றிச் சிவந்து பரவுகிறதா, சூடாக இருக்கிறதா, சீழ் வருகிறதா, காய்ச்சலா, வலி கூடியதா என்று பார்க்க வேண்டும். இவை இல்லையென்றால் புண் ஆறத் தேவையானது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, ஈரம் படாமல் வைப்பது, புரதம் உள்ள சாப்பாடு, சரியான டிரெஸ்ஸிங். ஊரிலிருந்து கொண்டுவரும் நியோஸ்போரின் பவுடரைத் தூவாதீர்கள். அதில் இருக்கும் நியோமைசின் பலருக்குத் தோல் அலர்ஜி கொடுக்கும். பவுடர் கட்டியாகிப் புண்ணை மறைத்தும்விடும்.

திரும்பத் திரும்ப யூரின் இன்பெக்ஷன் வருது. தினமும் ஒரு மாத்திரை போட்டுத் தடுக்க முடியாதா?

சிலருக்கு மருத்துவர் கொஞ்ச காலத்துக்கு அப்படிக் கொடுப்பதுண்டு. ஆனால் முதலில் வந்ததெல்லாம் உண்மையிலேயே தொற்றுதானா, இல்லை ரிப்போர்ட் மட்டுமா என்று பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர், மலச்சிக்கல், பேம்பர்ஸை உடனுக்குடன் மாற்றுவது, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் திரும்ப வரும் தொற்றைக் குறைக்கிறது. இதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே பலர் வருஷக்கணக்கில் மாத்திரையாக விழுங்குகிறார்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.

பார்லித் தண்ணீர் நல்லதுதான். தண்ணீராக உள்ளே போகிறதே, அதுதான் பலன். சர்க்கரை போடாதீர்கள். கிரான்பெரி வயதில் குறைந்த பெண்களுக்கு ஓரளவு உதவினாலும் இல்லங்களில் இருக்கும் பெரியவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை.

எங்கம்மா ஒருத்தங்க சாப்பிடற மாத்திரையால பக்கத்துக் கட்டில்காரங்களுக்கு என்ன ஆகிடப் போகுது?

ஆகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 600க்கும் மேற்பட்ட தாதிமை இல்லங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் அதிகம் கொடுக்கும் இல்லங்களில், அந்த மருந்தே வாங்காதவர்களுக்கும் சி. டிஃப் போன்ற பாதிப்புகள் அதிகமாக இருந்தன. மருந்துக்கு மடங்காத கிருமி ஒருவர் குடலில் உருவானால், கமோடு நாற்காலி, கட்டில் கம்பி, எங்கள் கை இவற்றின் வழியாக அடுத்தவருக்குப் போகும். ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் படுத்திருக்கும் இடம் இது. 2019இல் மட்டும் மருந்துக்கு மடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கு. சிங்கப்பூர் 2017 நவம்பரில் இதற்கென்று தேசியச் செயல்திட்டம் அறிவித்தது.

அப்பாவுக்கு எம்ஆர்எஸ்ஏ இருக்குன்னு சொல்றாங்க. பேத்தியக் கூட்டிட்டு வரலாமா?

கூட்டி வாருங்கள். எம்ஆர்எஸ்ஏ என்பது பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மடங்காத ஒரு பாக்டீரியா. பலருக்கு அந்தக் கிருமி மூக்கிலும் தோலிலும் சும்மா இருக்கும், நோய் தராது. சும்மா இருப்பதற்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வேண்டாம். பேத்தி தாத்தாவைக் கட்டிக்கொள்ளலாம். வரும்போதும் போகும்போதும் கையைக் கழுவ வேண்டும். குழந்தைக்குத் திறந்த காயமோ எதிர்ப்புசக்திக் குறைவோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். "கிருமி உள்ளவர்" என்று குடும்பமே தள்ளி நின்று பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். தாத்தாவுக்கு ஏன் என்று புரிவதே இல்லை.

இன்பெக்ஷனே வராம பாத்துக்க நாங்க என்ன செய்யலாம்?

தடுப்பூசி முதலில். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, அதோடு நிமோகோக்கல் ஊசி இரண்டும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் இருப்பவர் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த குடிமகன் என்றால் பதிந்த கிளினிக்கில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வாய். பல் துலக்குவதும் பல்செட்டைக் கழற்றிக் கழுவுவதும் நிமோனியாவைக் குறைக்கும், ஏனென்றால் வாயில் இருக்கும் கிருமிதான் புரையேறி நுரையீரலுக்குப் போகிறது. சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவையுங்கள், முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். புரையேறாமலிருக்கத் தண்ணீரைக் கெட்டியாக்கும் திக்னர் மாவைக் கலக்கச் சொன்னால் கலந்தே கொடுங்கள். ஆசைக்கு ஒரு வாய் என்று கொடுத்த வெறும் தேநீரால் புரையேறி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

டாக்டர்கிட்ட கேள்வி கேட்டா கோவிச்சுக்குவாரோ?

மாட்டார். எந்தத் தொற்றுக்கு இந்த மருந்து, எத்தனை நாள், மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா, கொடுக்காமல் ஒரு நாள் பார்த்தால் ஆபத்தா என்று கேளுங்கள். நீங்களும் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் அம்மாவுக்கு எது வழக்கம் என்று. எப்போதும் ஒரு இட்லிதான் சாப்பிடுவாரா, மாலையானால் எப்போதும் கொஞ்சம் தடுமாறிப் பேசுவாரா, இந்த மறதி நேற்று வந்ததா, போன வருஷமே இருந்ததா? பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு இது தெரியாது. ஷிஃப்ட் மாறும் எங்களுக்கும் முழுசாகத் தெரியாது. "எப்படியோ இருக்கிறார், சரியில்லை" என்பதைவிட "நேற்று மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, விலாவைப் பிடித்துக்கொள்கிறார்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அப்பாவுக்கு டிமென்ஷியா கடைசிக் கட்டம். அடுத்த தடவை நிமோனியா வந்தா ஆன்டிபயாட்டிக் வேணாம்னு நெனச்சா, நாங்க அவரைக் கைவிட்டதா ஆகுமா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து, கதவு மூடுவதற்கு முன் கேட்பார்கள். இல்லை, அது கைவிடுவது ஆகாது. பேச்சும் நடையும் போய், விழுங்கவும் முடியாத நிலையில் நிமோனியா திரும்பத் திரும்ப வரும். அப்போது ஆன்டிபயாட்டிக் ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். ஆனால் அதனால் அவர் சௌகரியமாக இருக்கிறார் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி, ரத்தப் பரிசோதனை, ஆம்புலன்ஸ், புது இடத்தில் கையைக் கட்டிவைப்பது என்று அதோடு வருவதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். சில குடும்பங்கள் மாத்திரை மட்டும் சரி, மருத்துவமனை வேண்டாம் என்பார்கள். ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம் என்பார்கள் வேறு சிலர். இதில் எல்லாருக்கும் பொருந்துகிற விடை கிடையாது.

மருந்து இல்லை என்றாலும் பராமரிப்பு நிற்காது. மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின், காய்ச்சலுக்குப் பனடோல், திருப்பிப் படுக்கவைப்பது, வாயை ஈரமாக வைப்பது எல்லாம் நடக்கும். ஒரு மகன் கடைசி நான்கு நாளும் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த கோப்பி-ஓ என்ற பால் சேர்க்காத காப்பியில் பஞ்சுக்குச்சியை நனைத்து உதட்டில் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே அப்பா நாக்கால் அதைத் தேடினார்.

இதை நிமோனியா வந்த ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைபேசியில் பேசாதீர்கள். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அப்பா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவருக்கு எது முக்கியம் என்று கேட்டு எழுதிவைக்கலாம். பேச முடியாத நிலை என்றால், அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதைக் குடும்பம் எங்களோடும் மருத்துவரோடும் உட்கார்ந்து பேசலாம். உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய கடைசி முடிவை மருத்துவர் அவருடைய நலனைப் பார்த்துத்தான் எடுப்பார். அதனால் முழுப் பாரமும் உங்கள் ஒருவர் தலையில் இல்லை. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் வரக்கூடிய ஒரு நாளைப் பார்த்து வார்டுத் தாதியிடம் சொல்லுங்கள், நேரம் ஒதுக்கித் தருவோம். தமிழில் பேச வேண்டும் என்றால் நானும் உட்காருகிறேன்.